சாம்பலுக்குச் சின்ன வளையம்

வெண்டல்,

மதியம் புல்டோசர் வந்துவிடும். அதற்குள் என் கல்யாண மோதிரத்தைத் தேட, எரிந்துபோன நம் வீட்டுக்குப் போகிறேன். உலோகம் தேடும் டிடெக்டரின் நுனியில் சின்ன வளையத்தைத்தான் மாட்டியிருக்கிறேன்.

"பெருசுதான் ஆழமா பார்க்கும், உனக்கு என்னடி தெரியும்?" என்று நேற்று கத்தினாய். ஆழம் எதற்கு? மோதிரம் இருந்தால் மேல் சாம்பலிலேயே இருக்கும். ஆனால் அங்கே கை வைக்கிற இடமெல்லாம் ஆணி. பெரிய வளையம் எல்லா ஆணிக்கும் சேர்த்து ஒரே கூச்சலாகப் போடும், உன்னை மாதிரி. சின்னதுதான் பிரித்துக் காட்டும்.

இங்கே அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது, சுடவைத்துக் குடி. உன் அக்கா டாரீன் காலையில் வருவாள். நம் சண்டையை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

கோபம் தணிந்தால் சல்லடையை எடுத்துக்கொண்டு அவள் வண்டியில் வா. தணியாவிட்டாலும் வா. சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்றே எனக்கு இப்போது அடையாளம் தெரியவில்லை.

லோர்னா

பி.கு. தீ வந்த அன்று மோதிரம் ஏன் என் விரலில் இல்லை என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உன்மேல் கோபித்துக் கழற்றவில்லை. சமையலறை ஜன்னலோரம் கழற்றி வைத்துவிட்டு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், வெண்டல். அவ்வளவுதான்.