முதல் ஸ்லைடு நீதான்

மெழுகு உருகும் வாசனை மூக்கில் ஏறியதும் இன்று காலை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனையோ வருஷமாக மோந்து பழகிய வாசனைதான். ஆனால் எந்திரத்தில் மாட்டியிருந்தது உன் பிளாக். அந்த மெழுகுக்குள் நகக்கண் அளவுக்குத்தான் நீ மிச்சமிருந்தாய்.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டு லேபில் நீயும் நானும் எதிரெதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்போம். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்துப் பிளாக் ஆக்கி, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி டாக்டருக்குக் கொடுப்பது நம் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு கல்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவாய். வந்ததும் வாயைத் திறந்தால் மூடமாட்டாய். கண்டக்டரில் தொடங்கி டாக்டர் வரைக்கும் ஒருத்தரையும் விட்டுவைக்க மாட்டாய். உன் வீட்டுக்காரர் தென்காசிப் பக்கத்து மனுஷர். செங்கல்பட்டுக்காரியின் பேச்சு பிடிபடவே அவருக்கு ஒரு வருஷம் ஆனது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

உன் மார்பில் எடுத்த சதையும் நம் லேபுக்கே வந்தது. நான் வெட்டுகிறேன் என்றேன். நீ விடவில்லை.

"ஊர்ல கீற பொம்பளைங்களுதெல்லாம் நான்தான் வெட்டிகினு கீறேன். என்னுதுக்கு மட்டும் நீ வர்றியா? தள்ளுடி."

நீயே சீவி ஸ்லைடில் ஏற்றினாய். புற்றுநோய் என்றார் டாக்டர். ஆபரேஷன், ஊசி, முடி கொட்டியது, எல்லாம் ஆயிற்று. அடுத்த வருஷம் உன் சாம்பலை மாமல்லபுரம் கடலில் கரைத்தார்கள்.

சுனாமி வந்து போன மறுவருஷம் லேபுக்குப் புதுச் சாயம் ஒன்று வந்தது. செல்லின் மேற்பரப்பில் ஹெர்-டூ என்று ஓர் ஏற்பி உண்டு. வளரச் சொல்லும் சேதியை உள்ளே கடத்துவது அதன் வேலை. சில பெண்களின் கட்டியில் அது அளவுமீறிப் பெருகிக் கிடக்கும், கட்டியும் வெறிபிடித்து வளரும். அந்த ஏற்பியைப் பிடித்து அடக்க ஒரு மருந்து இருக்கிறது. அது யாருக்குக் கேட்கும் என்பதைச் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். ஏற்பி நிறைய இருந்தால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பு வளையம் விழும். பழைய பிளாக் எதிலாவது போட்டுப் பார் என்றார் டாக்டர். என் கை உன்னுடையதைத்தான் எடுத்தது.

லென்சில் கண்ணை வைத்தேன். மீன்வலையை விரித்துப் போட்டதுபோல் ஸ்லைடு முழுக்கப் பழுப்பு. அடிப்பாவி, இதுதானா உன்னைத் தின்றது? நீ உயிரோடு இருக்கும்போதே தூர தேசத்தில் அந்த மருந்து வந்துவிட்டது என்று டாக்டர் மெல்லச் சொன்னார். உன் ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தச் சோதனையைக் கேட்க வேண்டும் என்று நம் ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

சாயம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, நிச்சயமாகப் பழுப்பேறும் சதை ஒன்றை ஒவ்வொரு தடவையும் முதலில் வைக்க வேண்டும். டாக்டர் உன்னை வைக்கச் சொன்னார். நீ நிறம் மாறினால்தான் மற்றவர்களின் முடிவை நம்புவோம். செத்தவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுபோல் எனக்குப் பயமாக இருந்தது. அந்த வளையங்கள் என்னையே பார்க்கும். உன் ஸ்டூலில் புதுப்பெண் வந்து உட்கார்ந்த பிறகும் அங்கிருந்து நீ செருமுவது கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். அவள் என்னக்கா என்பாள்.

மனசு கேட்காமல் ஒரு நாள் கல்பாக்கம் போய் உன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அப்ப அவ இன்னும் அங்கதான் இருக்காளா?" என்று கேட்டார். முடிகிற வரைக்கும் வெட்டிக்கொள்ளச் சொன்னார். கடைசித் துணுக்கை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், சாம்பலைக் கரைத்த கடலிலேயே அதையும் சேர்க்க வேண்டும் என்றார். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

பிளாக் தீரப் போகிறது என்று சொல்லியனுப்பியிருந்தேன், அந்தத் துணுக்கை வாங்க இன்று சாயங்காலம் வருவதாக இருந்தார். நேற்றோ, திருப்போரூர்ப் பெண் ஒருத்தியின் சோதனையில் உன் ஸ்லைடிலிருந்து சதை உரிந்து கழுவும் தண்ணீரோடு போய்விட்டது. நீ இல்லாமல் அவள் முடிவைச் சொல்ல முடியாது. வேறு பிளாக் தேடிச் சரிபார்க்க ஒரு வாரம் ஆகும், காத்திருக்கட்டும் என்றார் டாக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி காத்திருந்து போனது போதாதா? மிச்சமிருந்த உன்னைக் காலையில் வெட்டினேன். நீ பழுப்பேறினாய். அவளும்.

சாயங்காலம் அவர் வந்தார். வெறும் மெழுகை நீட்டினேன்.

"முடிஞ்சிருச்சுண்ணா."

யாருக்காக வெட்டினேன் என்று கேட்டார். சொன்னேன்.

"மருந்து கேக்குமா அந்தப் பிள்ளைக்கு?"

கேட்கும் என்றுதான் டாக்டர் நம்புகிறார் என்றேன். மெழுகைக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

உன் கடைசி ஸ்லைடை அவருக்குத் தர முடியாது, சோதனைக்கு ஆதாரமாக அது அந்தத் திருப்போரூர்ப் பெண்ணின் ஸ்லைடோடுதான் இருக்க வேண்டும். அவளுக்கு முன்னால் உன்னை அடுக்கித் தட்டை மூடினேன். அவளுக்காகச் சாட்சி சொல்ல நீ இருந்தாய். உன் முறை வந்தபோது உனக்கு முன்னால் ஒருத்தி இல்லாமல் போனாளே, அந்த ஆத்திரம் மட்டும் எனக்கு ஆறவே இல்லையடி.