மூன்றுகாலியின் தட்டு

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டில் என் சொந்த விஷயத்தை எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. காட்டிலிருந்து வரும் ரக்கூன்களை விரட்டத் தினமும் என்ன செய்தோம் என்று தேதி போட்டு எழுதிவைக்கச் சொன்னார் ட்ரெய்லர் பார்க் மேனேஜர் காஸ்கில். அதற்காக வாங்கிய நோட்டு. முன்பக்கத்திலிருந்து அவருக்கு. பின்பக்கத்திலிருந்து எனக்கு.

அவருடைய கடிதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. முப்பதாம் தேதிக்குள் எங்கள் வீட்டுக்கு அடியில் ரக்கூன் இருக்கக் கூடாது. இருந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வாடகை இடத்தை மட்டும்தானாம், வீடு எங்களுடையதுதானாம். ஐம்பது வருடத்து ட்ரெய்லர், சக்கரத்தின் மேல் நிற்கும் தகர வீடு. வண்டியில் கட்டி இழுத்தால் பார்க் வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டாகப் பிளந்துவிடும். இடம் போனால் வீடும் போயிற்று. அம்மாவுக்கு வேறு எதுவும் கிடையாது.

ஜூலை ஐந்தாம் தேதி நான் கொலம்பஸ் நகருக்குக் கிளம்புகிறேன். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அதற்குள் இதை முடிக்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வரும் பூப்போட்ட பீங்கான் தட்டில் அம்மா எனக்குச் சாப்பாடு வைக்கிறாள். கடையில் வாங்கிய கோழி.

“இது புடிக்குமா? இல்ல, வேற ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?”

“புடிக்கும்மா. தேங்க்ஸ்.”

தேங்க்ஸ்! அம்மாவிடம். கல்லூரியில் இருந்த நான்கு வருடத்தில் இரண்டே கிறிஸ்துமஸுக்கு வந்தேன். மற்ற விடுமுறைகளில் வேலை இருக்கிறது என்று போனில் சொன்னேன். பாதி பொய். இந்த வீட்டைப் பற்றி அங்கே யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது தெரியும் என்றுதான் தோன்றுகிறது.

ஜூன் 6, வெள்ளி

பொழுது சாயும் நேரம். பின்வாசல் படியில் அம்மாவின் குரல் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏழெட்டு ரக்கூன்கள், பெரிய பூனை அளவில், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு. முன்னால் ஒன்று, முன்னங்கால் ஒன்று இல்லாதது. எந்தக் கண்ணியிலோ விட்டுவந்திருக்கிறது.

“வாடி மூணுகாலி. எங்கடி போய் ஊர் சுத்திட்டு வர்ற? மெதுவாத் தின்னுடி, யாரும் புடுங்கிட்டுப் போகல.”

அது தின்றது பன்றி எலும்பு போட்ட பீன்ஸ் குழம்பு, சோள ரொட்டி. தின்ற தட்டு என்னுடையது. நீல விளிம்பு, ஒரு ஓரம் உடைந்தது. பதினெட்டு வயதுவரை நான் சாப்பிட்ட தட்டு.

என்னைத் திட்டுவாளே, அதே குரல். வந்து இத்தனை நாளில் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஒரு ரக்கூனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஜூன் 9, திங்கள்

அம்மோனியா நனைத்த துணி, நாள் முழுக்க ரேடியோ, மிளகாய்த் தூள். எதற்கும் அசையவில்லை. சோறு போடும் வீட்டைவிட்டு யார் போவார்கள்? அம்மாவிடம் நிறுத்தச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. பக்கத்து ட்ரெய்லர் ஓடெலிடம் கூண்டு கேட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஓடெல் அம்மாவிடம் வந்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “நாலு நாளா கூண்டு மூடிக் கெடக்கு, வச்ச மிட்டாயக் காணோம், உள்ள ஒண்ணையும் காணோம். தின்னுட்டு, கதவத் தொறந்து, திருப்பிச் சாத்திட்டுப் போகுதுங்க போல, மிஸ் வெர்லின்.”

“புத்தி உள்ளதுங்க ஓடெல். உன்ன மாதிரியா?”

“என்னயும் ஒரு வேள கூப்டு சோறு போட்டுப் பாருங்க, எனக்கும் புத்தி வரும்.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் செருப்பின் அடியில் வெள்ளையாக மார்ஷ்மெல்லோ ஒட்டியிருந்தது. கூண்டில் வைக்கிற அதே மிட்டாய். விடிவதற்குள் எழுந்து போய்த் திறந்துவிடுகிறாள்.

முன்பக்கத்தில் எழுதியது: ஜூன் 13 – ஒன்றும் பிடிபடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காஸ்கில் வந்தார். கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். “உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, மிஸ் வெர்லின். எதிர் வரிசையில கைக்குழந்தை இருக்கு. இதுங்க கழிவுல வர்ற புழு குழந்தை வயித்துக்குப் போனா யாரு பொறுப்பு? முப்பதாந் தேதி வந்து பாப்பேன்.”

அம்மா தலையை ஆட்டினாள். அவர் போனதும் பீன்ஸ் ஊறவைத்தாள்.

ஜூன் 18, புதன்

இன்று கூண்டை நானே வைத்தேன். அம்மா காதில் விழும்படி சொன்னேன்: “ஓடெல் வேணாம், நானே வைக்கிறேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? திறந்துவிடாதே என்றா? திறந்துவிடு என்றா?

ஜூன் 19, வியாழன்

அம்மா திறக்கவில்லை.

உள்ளே மூன்றுகாலி. கம்பிக்கு வெளியே ஒற்றைக் கையை நீட்டி என் ஷூ நாடாவைத் தொட்டது. மனிதக் கை போலவே சின்ன விரல்கள்.

ஓடெல் துப்பாக்கியோடு வந்தார். “வேற காட்டுல கொண்டுபோய் விட முடியாது பாப்பா, சட்டம் விடாது. இங்கயே தொறந்து விடணும். இல்லன்னா முடிக்கணும். எது?”

அம்மா படியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

“முடிச்சிடுங்க” என்றேன்.

சுட்டபின் ஓடெல் அதைத் தூக்கியபோதுதான் வயிற்றைப் பார்த்தேன். முலைக்காம்பைச் சுற்றி முடி தேய்ந்துபோயிருந்தது. பால் கொடுக்கிற தாய். உயிரியலில் பட்டம் வாங்கியவள் நான்.

முன்பக்கத்தில் எழுதியது: ஜூன் 19 – ஒன்று பிடிபட்டது.

ஜூன் 20, வெள்ளி

என் கட்டிலுக்குக் கீழே, தரைப்பலகைக்கு அடியில், குட்டிகள். பறவை கத்துவது போல விடாமல் கத்துகின்றன. வீட்டுக்கு அடியில் மூன்று முறை தவழ்ந்து போனேன். கை எட்டாத இடுக்கு. பலகையை அறுக்கலாம் என்றால், ஓடெல் திங்கள்வரை ஊரில் இல்லை. விலங்கு மீட்பு மையத்துக்குப் போன் செய்தேன், ரக்கூன் எடுப்பதில்லையாம்.

“குட்டி இருக்கறது உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்.”

“ஓடெல் வச்சத எல்லாம் தொறந்து விட்டியே, இத ஏம்மா தொறக்கல? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்தாள். “நீ வச்சதாச்சே. நீ படிச்சவ. எல்லாம் தெரிஞ்சுதான் செய்யறேன்னு நெனச்சேன்.”

பிறகு, கேட்காமலே: “நீ போனப்புறம் ஒரு ஆளுக்கு மட்டும் எப்படி பீன்ஸ் வேகவைக்கறதுன்னு எனக்குத் தெரியல. மிஞ்சிப்போகும். வெளியில வச்சேன். அவ வந்து நின்னா, அந்த மூணுகாலி.”

எனக்குத் தெரியாதும்மா. எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஏன் என்னைப் போய் நம்புன?

ஜூன் 22, ஞாயிறு

இன்று சத்தம் இல்லை.

ஜூன் 23, திங்கள்

ஓடெல் பலகையை அறுத்துக் கொடுத்தார். நான்கு குட்டிகள். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன. வாளியில் எடுத்துப் போனேன். அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 26, வியாழன்

பின்படியில் தட்டு இல்லை. மற்ற ரக்கூன்கள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போயின. வீட்டைச் சுற்றிக் கம்பிவலையை ஒரு அடி ஆழத்துக்குப் புதைத்துவிட்டேன். வேலை சுத்தமாக இருக்கிறது.

அம்மா அடுப்பு மூட்டுவதே இல்லை. பிஸ்கட்டும் காப்பியும்தான்.

ஜூன் 30, திங்கள்

காஸ்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டினார். கடிதத்தை ஃப்ரிட்ஜிலிருந்து அவரே பிய்த்தெடுத்தார். “வீட்ல படிச்ச பொண்ணு ஒருத்தி இருந்தா எல்லாம் ஒழுங்கா நடக்குது, பாருங்க.”

“ஆமா” என்றாள் அம்மா.

வீடு தங்கிவிட்டது. அதற்குள் யார் இருப்பது?

ஜூலை 2, புதன்

குப்பைத்தொட்டியில் நீல விளிம்புத் தட்டு. கழுவி, செய்தித்தாளில் சுற்றித்தான் போட்டிருக்கிறாள். எடுத்து என் பெட்டியில் வைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

தெருவெல்லாம் வெடிச் சத்தம். அம்மா என் சட்டைகளை விருந்தாளியின் சட்டை போல மடித்துவைத்தாள். “போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, நேரம் இருந்தா” என்றாள். நேரம் இருந்தா.

சொல்ல நினைப்பதை வாயால் சொல்ல எனக்கு வராது. ஒரு மாதமாக வரவில்லை. தட்டை சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்து, மேசையில் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தைக் கிழித்து அதன்மேல் வைக்கப் போகிறேன். பீன்ஸை நானே ஊறவைத்துவிட்டேன். இரண்டு பேருக்கு.

அம்மா, நாளைக்கு நான் கெளம்பறதுக்கு முன்னாடி இந்தத் தட்டுல எனக்குச் சோறு போடு. பக்கத்துல நின்னு என்னைத் திட்டு.