பட்டியலில் ஐந்தாவது தெரு

ஜூன் 4

அன்புள்ள வாண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. நாற்பத்தாறு வயது ஆளை இன்னும் வாண்டு என்கிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. வேறு பெயர் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வராது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நீ எடுத்தாலும் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைக்கப்போகிறோம். அதனால்தான் மத்தியானம் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, லென்ஸ் துடைக்கும் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆமாம், கண்ணாடிக் கடைக்குத் திரும்பவும் போக ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் இருந்தால் ஆக்ஸிஜன் மெஷின் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மாமா போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் மனசு நம்பமாட்டேன் என்கிறது. அன்று நடந்ததை உன்னிடம்கூட நான் முழுதாகச் சொல்லவில்லை. சாயங்காலம் ஆறு நாற்பத்திரண்டுக்குக் கரண்ட் போனது. மெஷின் கீ கீ என்று கத்திவிட்டுப் பேட்டரிக்கு மாறியது. "பதறாதே, நாற்பது நிமிஷம் தாங்கும்" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். பதினெட்டாவது நிமிஷத்தில் நின்றுவிட்டது. சின்ன சிலிண்டரை மாட்டினேன். அது இன்னொரு இருபது நிமிஷம் வந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். உன்னை ஏழு தடவை கூப்பிட்டேன். லிஃப்ட் ஓடாததால் அவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறி வந்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துபோனது. ஒரு காலண்டர் அட்டையை எடுத்து நான் விசிறிக்கொண்டே இருந்தேன். விசிறினால் என்ன ஆகப்போகிறது, ஆனாலும் கை நிற்கவில்லை.

ஏழு முப்பத்தொன்பதுக்குக் கரண்ட் வந்தது. மெஷின் தானாகவே ஓட ஆரம்பித்தது. கட்டிலில் அவர் அசையாமல் கிடக்கிறார், பக்கத்தில் அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர்தான் நிறுத்தினார்.

முப்பது வருஷம் ஊரார் காருக்கெல்லாம் பெயிண்ட் அடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். அந்த நெஞ்சோடு இன்னும் சில வருஷம் இருந்திருப்பார். டாக்டரே சொன்னார்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். எந்தத் தெருவுக்குக் கரண்ட்டை நிறுத்துவது என்று இப்போது ஒரு கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறதாமே, மறுநாள் காலையிலேயே பேப்பரில் போட்டிருந்தது. நீ அந்தக் கரண்ட் ஆபீஸில்தானே வேலை பார்க்கிறாய். இத்தனை தெரு இருக்க எங்கள் தெரு ஏன்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டு வாசலிலேயே நின்று படித்தேன். செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பகலில் சூரிய சக்தி மின்சாரம் நிறைய வரும். பொழுது சாயும்போது அது குறைந்துவிடும். அதே நேரத்தில்தான் எல்லோரும் வீட்டுக்கு வந்து ஏசி போடுவார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஊருக்கு வெளியே கண்டெய்னர் கண்டெய்னராகப் பேட்டரி வைத்திருக்கிறார்கள். அன்று அதில் ஒரு வரிசை சூடாகித் தானே நின்றுவிட்டது. உடனே சில தெருக்களை நிறுத்தாவிட்டால் மொத்த ஊரும் இருட்டாகிவிடும். முன்பெல்லாம் எதை நிறுத்துவது என்று நாங்களே போனில் பேசி முடிவு செய்வோம். பிப்ரவரியிலிருந்து அதை ஒரு புரோகிராம் செய்கிறது. எட்டு வினாடியில் பட்டியல் போட்டுத் திரையில் காட்டும். மேஜையில் இருப்பவர் 'ஏற்கிறேன்' என்ற பட்டனை அழுத்த வேண்டும்.

மருத்துவமனை இருக்கும் தெரு, வீட்டில் உயிர் காக்கும் கருவி வைத்திருப்பவர்களின் தெரு, இவை எல்லாம் பட்டியலில் வராது. அதற்குத் தனிப் பதிவு உண்டு. அன்று அது தேடியபோது உங்கள் வீடு அந்தப் பதிவில் இல்லை.

அக்கா, அன்று அந்த மேஜையில் இருந்தது நான்தான். பட்டனை அழுத்தியது என் விரல்தான். இதை நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வெளியே பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். எட்டு மணிக்கு வெளியே வந்து பெட்டியைத் திறந்தேன். உன் ஏழு அழைப்பும் இருந்தன. அதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

விசாரணை நடக்கிறது. அதற்கு மேல் எழுத இப்போது முடியவில்லை.

உன் தம்பி


ஜூன் 20

அன்புள்ள வாண்டுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நீயா? திரும்பத் திரும்ப அதே ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கொடுத்த பட்டியலுக்கு நீ என்ன செய்வாய்? அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினாய். உன் அத்தனை நாள் மௌனத்துக்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் எப்படியடா இருந்தாய்? உன் மாமா இருந்திருந்தால் உன்னை ஒரு வார்த்தை சொல்லவிட்டிருக்க மாட்டார். நானும் சொல்லப்போவதில்லை. ஒருநாள் வந்துவிட்டுப் போ. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ.

விசாரணைக்காரர்கள் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். ஒரு அதிகாரி, அவரோடு குறிப்பெடுக்க ஒரு அம்மா. அந்தப் புரோகிராமைச் செய்துகொடுத்த கம்பெனியிலிருந்தும் ஒரு பெண் வந்திருந்தாள். இன்ஜினியராம், முப்பது வயதுகூட இருக்காது. பழைய பதிவைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது நாற்பது வீடுகள் விட்டுப்போய்விட்டனவாம், எங்கள் வீடும் அப்படித்தான் விட்டுப்போயிருக்க வேண்டுமாம். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க எழுதினதுதாம்மா தப்புப் பண்ணிடுச்சு, எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உங்களைப் பார்க்கிறதுன்னு தெரியலை" என்றாள். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

அதிகாரி, "பதிவுக்கு எப்பம்மா விண்ணப்பிச்சீங்க?" என்று கேட்டார்.

"மார்ச்சுல. இவரை ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்த வாரம். டாக்டர் கையெழுத்துப் போட்ட பாரத்தை என் தம்பிகிட்டயே கொடுத்தேன், அவன் அங்கதான் வேலை பார்க்கிறான்" என்றேன்.

"பிப்ரவரியா, மார்ச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மார்ச்சுதாங்க."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள். பிறகு எதுவும் கேட்காமல் கிளம்பிப் போனார்கள். நான் ஏதாவது தப்பாகச் சொல்லி உன்னை மாட்டிவிட்டேனா? உடனே எழுது.

உன் அக்கா


ஜூன் 27

அக்கா,

நீ எதையும் தப்பாகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. மார்ச்சில் கொடுத்த பாரம் அதில் தொலைந்திருக்க முடியாது. அதனால்தான் அவர்கள் அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

பாரத்தை நான் கொடுக்கவே இல்லை. அதைக் கொடுக்க வேண்டிய அலுவலகம் எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. இறங்கிப் போனால் ஒரு நிமிடம். நாளைக்கு, நாளைக்கு என்று என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. ஏப்ரலில் நீ கேட்டபோது, "அதெல்லாம் அப்பவே கொடுத்தாச்சுக்கா" என்றேன்.

இதோடு நின்றிருந்தால் சோம்பேறித்தனம் என்று சொல்லி உன் காலில் விழுந்திருப்பேன். இன்னும் இருக்கிறது.

பட்டியலில் ஐந்து தெருக்கள் வந்தன. ஐந்தாவது உங்கள் தெரு. நான் பார்த்தேன் அக்கா. பார்க்காமல் அழுத்தவில்லை. பட்டியல் வந்ததும் தொண்ணூறு வினாடி அவகாசம் உண்டு. ஒரு தெருவை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாம், காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான். காரணம் என்ன எழுதுவேன்? அக்கா வீடு என்றா? பாரம் என் இழுப்பறையில் இருக்கிறது என்றா? ஏப்ரலில் உடன் வேலை செய்பவர் ஒருவர், டிவியில் மேட்ச் பார்ப்பதற்காகத் தன் வீட்டுத் தெருவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அவரைப் பற்றி மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். அதே காரியத்தை இப்போது நானே செய்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். நிறுத்தம் அரைமணி நேரம்தான், மெஷினில் நாற்பது நிமிடப் பேட்டரி இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். எழுபதாவது வினாடியில் அழுத்தினேன். அரைமணி முடிந்தபோது இரண்டாவது வரிசைப் பேட்டரியும் நின்றது. புரோகிராம் தானாகவே நேரத்தை நீட்டித்துவிட்டது. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று விதி. அதற்குப் பிறகு நான் நினைத்தாலும் உங்கள் தெருவுக்குக் கரண்ட் விட முடியாது. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விசாரணையில் நான் இதில் எதையும் சொல்லவில்லை. அவர்கள் புரோகிராம் மேல் தப்பு என்றார்கள், இருக்கலாம் என்றேன். அந்தக் கம்பெனியை விலக்கிவிடப் போகிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் வேலை போகும் போலிருக்கிறது.

நான் என்ன செய்யட்டும், நீயே சொல். உண்மையைச் சொல் என்றால் சொல்லிவிடுகிறேன். விட்டுவிடு என்றால் விட்டுவிடுகிறேன். உன் வார்த்தைக்குக் கட்டுப்படுகிறேன்.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தது தப்பு. அடுத்து வந்த ஒருவருக்கு வலது கண்ணின் பவரை இடது கண்ணுக்கும் இடது கண்ணுடையதை வலதுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். வீட்டுக்கும் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பஸ் போனது என்று தெரியாது. எழுபது வினாடி எவ்வளவு நேரம் என்று அங்கே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ரொம்ப நேரம்.

ஒரு வாரத்துக்கு மேலாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். திட்டி எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டேன்.

என் தெருவை எல்லார் தெருவையும் போலப் பார்த்தாய். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருமா என்று நானே தேடிப் பார்த்தேன். பாரத்தைக் கொடுக்காததற்குக் கோபம் உண்டு. ஆனால் நானும்தான் எத்தனையோ காரியத்தை நாளைக்கு என்று தள்ளியிருக்கிறேன். என்னால் தாங்க முடியாதது வேறு. அவரை எடுத்துக்கொண்டு போன அன்று, வாசலில் உட்கார்ந்து, "அந்தக் கம்ப்யூட்டர் நாசமாப் போக" என்று நான் வாய்விட்டு அழுதேன். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாய். அந்தத் தலையாட்டல்தான் கண் முன்னால் நிற்கிறது. கண்ணை மூடினாலும் போகமாட்டேன் என்கிறது.

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நான் பதில் சொல்லமாட்டேன். அன்று அந்தத் திரை சொன்னது என்று அழுத்தினாய். நாளைக்கு அக்கா சொன்னாள் என்று ஆகவேண்டாம்.

விசாரணை பதினான்காம் தேதி, காலை பத்து மணிக்கு. சாட்சியாக என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். ஒன்றும் கூட்ட மாட்டேன், ஒன்றும் மறைக்க மாட்டேன். அந்தப் பெண் இன்ஜினியரும் வருகிறாளாம்.

சாட்சிகள் வரிசையில் என் பெயர்தான் முதலில் இருந்தது. நேற்று விசாரணை அலுவலகத்துக்கு நேரில் போய், எனக்கு முன்னால் உன்னைக் கூப்பிடும்படி கேட்டு மாற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். ஏன் என்று கேட்டார்கள். நான் காரணம் சொல்லவில்லை.

நீ பேசி முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா