அரை கட்டை ஏறிய குரல்

அக்கா,

ஸ்பிரிட் வாசனை வந்தாலே உங்கள் ஞாபகம்தான். நீங்கள் போன பிறகு பூட்டிக் கிடந்த மந்தைவெளி வீட்டை நேற்று காலி செய்தார்கள். "அத்தை இத உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க" என்று உங்கள் தம்பி மகன் டேப் டெக்கையும் ஒரு பை கேசட்டையும் கடையில் இறக்கிவிட்டுப் போனான். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டேப் உரசும் ஹெட்டைத் துடைத்தேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் குரலையெல்லாம் கேட்டு ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சங்கீத மாத இதழில் கேசட் விமர்சனம் எழுதினீர்கள். புதிதாக வந்தவை ஒரு பக்கம், பழைய கச்சேரிகளின் மறுவெளியீடு ஒரு பக்கம். ஞாயிறு சாந்தோமில் பூசை முடிந்ததும் நேரே என் ரிப்பேர் கடைக்கு வருவீர்கள். எட்டாவது ஃபெயிலான என்னிடம், "இதுல மிருதங்கம் எப்பிடி கீது, சொல்லு" என்று என் பாஷையிலேயே கேலியாகக் கேட்பீர்கள்.

"பக்கத்து வூட்ல மாவு இடிக்கிற மாரி கீதுக்கா."

அடுத்த மாதம் அது கௌரவமான தமிழில் அச்சாகி வரும். என் மனைவியிடம் காட்டி, நான் சொன்னதுதான் என்பேன். அவள் நம்பியதில்லை.

ஒருமுறை உங்களுடைய அந்த டெக்கின் பெல்ட் அறுந்தது. மாற்றினேன். அதோடு நிறுத்தாமல் மோட்டாரின் ஸ்பீடு ஸ்குரூவையும் திருப்பினேன். சுருதிப் பெட்டி வைத்தா பார்த்தேன்? ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். ஐந்து வயது மகள் கடையில் ஆடிக்கொண்டே "இன்னும் வேகமா வைப்பா" என்றாள். வைத்தேன். டேப் ஓடும் வேகம் கூடினால் குரலின் சுருதியும் ஏறும்.

திருப்பிய பிறகு அந்த டெக்கில் நீங்கள் முதலில் கேட்டது, தி.நகரில் ஒற்றை அறையில் கம்பெனி நடத்திய ஒருவர் மறுவெளியீடு செய்த பழைய கச்சேரி. ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடியவர் இதில் இரண்டு கட்டையில் ஓடுகிறார், வாங்க வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள். இதழ் வந்த வாரமே அந்த மனிதர் தன் பிளேயரைத் தூக்கிக்கொண்டு உங்கள் மாடி ஏறினார். அதில் சரியாக ஒன்றரை. "கடைக்காரங்க எல்லாம் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னாராம்.

நேரே என்னிடம் வந்தீர்கள். "மோட்டார் ஸ்குரூவத் தொட்டியா?"

"இல்லக்கா, பெல்ட் மட்டும்தான்."

அடுத்த இதழில் எழுதியிருந்தீர்கள்: 'சென்ற மாதம் சுருதி தப்பியது பாடகரிடமும் இல்லை, பதிப்பித்தவரிடமும் இல்லை, கேட்ட என்னிடம். அந்தக் கேசட்டைத் தயங்காமல் வாங்குங்கள்.' என் பெயர் எங்கும் இல்லை. இரண்டு நாள் அதையே திருப்பித் திருப்பிப் படித்தேன். மூன்றாம் நாள் மாடிக்கு வந்தேன்.

"அக்கா, நான்தான் திருப்பிட்டேன்."

"தெரியும்டா. இல்லக்கான்னு சொன்னியே, அப்பவே உன் குரல் அரை கட்டை ஏறிடுச்சு."

"அப்புறம் ஏன் என் பேரப் போடல?"

"மெஷின சரிபாக்காம எழுதுனது நீயா, நானா? போய் ஸ்குரூ டிரைவர எடுத்துட்டு வா."

சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு சரிசெய்தோம். இனி எவனும் திருப்பாதபடி ஸ்குரூவின் மேல் சிவப்பு நெயில் பாலீஷ் ஒரு சொட்டு வைக்கச் சொன்னீர்கள். 'எவனும்' என்றது என்னைத்தான்.

நேற்று திறந்து பார்த்தேன். அந்தச் சொட்டு அப்படியே இருக்கிறது.

அதே கச்சேரியை இப்போது இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்து போனில் கேட்கும்படி மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்கள். வேளச்சேரியிலிருந்து நேற்று வந்த மகள் அதை இயர்போனில் போட்டு என் காதில் மாட்டிவிட்டு, "எப்டிப்பா இருக்கு?" என்றாள். தம்பூராவையே காணோம். சுத்தம் செய்கிறேன் என்று அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எழுதச் சொல்லியிருந்தால் அரைப் பக்கம் திட்டியிருப்பேன். சிவப்புச் சொட்டு கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு, உங்கள் பையிலிருந்த அதே கச்சேரியின் பழைய கேசட்டை உங்கள் டெக்கில் போட்டேன். அதிலும் தம்பூரா இல்லை.

"உனக்குக் கேக்குதா?"

"ரெண்டுலயும் நல்லா கேக்குதேப்பா."

காதைக் காட்டச் சொல்லி ஆறு மாதமாக அவள் கெஞ்சுகிறாள். ஒன்றும் இல்லை என்று ஆறு மாதமாக நான் சாதிக்கிறேன்.

"அப்ப பதிப்பு நல்லாத்தான் இருக்கு. என் காதுதான் அவுட்டு. டாக்டரப் பாக்கலாம்" என்றேன்.

என் குரல் ஏறவில்லை, அக்கா. நீங்கள் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள்.