காய்ந்த கடலைக்கும் ஈரக் கடலைக்கும் ஒரே விலை

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி
(பெயர் எழுதாததற்கு மன்னிக்கவும்)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்.

பொருள்: வியாழக்கிழமைச் சந்தை முதல் நிலக்கடலையின் ஈரத்தை அளந்து விலை வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்களுக்கு மழையை நம்பிய ஒன்றரை ஏக்கர் நிலம். ஆண்டுக்கு ஒருமுறை நிலக்கடலை மட்டுமே விளையும். பறித்த கடலையைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும்வரை காயவைக்க வேண்டும். அப்படிக் காய்ந்தால் மூட்டைக்கு ஐந்து கிலோ குறைந்துவிடுகிறது. தங்கள் விற்பனைக்கூடத்தில் ஈரம் பார்க்காமல் எடைக்கு மட்டும் விலை போடுவதால், ஒழுங்காகக் காயவைத்தவருக்குத்தான் நட்டம்.

2. சென்ற ஆண்டு அப்பா நன்றாகக் காயவைத்துத்தான் கொண்டுவந்தார். நானும் உடன் வந்தேன். பக்கத்து மூட்டை ஈரமாக இருந்தது; அதற்கும் அதே விலை. அப்பா கேட்டதற்கு வியாபாரி, “வெயிலுக்கெல்லாம் யாருண்ணே காசு குடுப்பா?” என்று சிரித்தார். தங்கள் அலுவலகக் கண்ணாடி அலமாரியில் ஈரம் அளக்கும் கருவி இருந்தது. எழுத்தரிடம் கேட்டேன். “பேட்டரி இல்ல பாப்பா. அது சும்மா பாக்கறதுக்கு” என்றார்.

3. நேற்றிரவு, நான் தூங்கிவிட்டதாக நினைத்து, அப்பா மூட்டைகளில் தண்ணீர் தெளித்தார். வியாபாரிகள் மூட்டையின் வாய்ப்பக்கம் மட்டுமே கையை விட்டுப் பார்ப்பார்கள் என்பதால், மேலே காய்ந்த கடலையைப் போட்டு அம்மாவைத் தைக்கச் சொன்னார். “யாரு பெத்த பிள்ளைங்களோ திங்கப்போற பொருளுங்க இது” என்றார் அம்மா. “நம்ம பிள்ளைங்க வயித்த மொதல்ல பாரு. போன வருஷம் யோக்கியமா இருந்து என்னத்தக் கிழிச்சேன்?” என்றார் அப்பா. அம்மா ஊசியில் நூலைக் கோத்தார்.

4. ஈரக் கடலையில் பூஞ்சை பிடிக்கும், அதன் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை கற்பித்தார். சென்ற ஆண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்த அந்த வியாபாரியின் முத்திரை குத்திய சாக்குகள்தான் எங்கள் பள்ளிச் சமையலறைக்கும் வருகின்றன. ஒன்றாம் வகுப்பில் இருக்கும் என் தம்பி தினமும் அங்கேதான் சாப்பிடுகிறான். இது அப்பாவுக்குத் தெரியாது. சொன்னால், நான் விழித்திருந்தது தெரிந்துவிடும். அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

5. ஆகவே, நாளையே அந்தக் கருவிக்குப் பேட்டரி போட்டு, காய்ந்த கடலைக்குக் கூடுதல் விலை உண்டு என்று வாசல் பலகையில் எழுதிவைக்குமாறு வேண்டுகிறேன். அதைப் பார்த்தால் அப்பாவே தையலைப் பிரித்து, களத்தில் கொட்டிக் காயவைப்பார். கெட்டுப்போனதைப் பொறுக்கி எறிந்தும் விடுவார். மற்றவர்களும் அப்படித்தான் செய்வார்கள். தண்ணீர் தெளிக்க யாருக்கும் ஆசையில்லை, ஐயா.

6. அவ்வாறு அறிவிக்க இயலாமல் போனால், வியாழக்கிழமை எங்கள் மூட்டைகளை விற்க அனுமதிக்காதீர்கள். அவை பச்சை நூலால் தைத்தவை. நடுவில் கையை விட்டுப் பாருங்கள். ஆனால் முதலில் எல்லோருடைய மூட்டைகளையும் சோதித்துவிட்டு, கடைசியாக எங்களுடையதைச் சோதிக்குமாறு தங்களை மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வீடு
நாள்: திங்கட்கிழமை இரவு

இப்படிக்கு,
கடலை விவசாயி ஒருவரின் மகள்