கார்மினேயைக் கை காட்டிய ஞாயிறு

ரோக்காவிலா
2 ஆகஸ்ட் 1820

அன்பு மகன் வீத்தோவுக்கு, அப்பா எழுதுவது.

அம்மாவின் முட்டிவலி தேவலை. நீதான் எழுதுவதே இல்லை. நோட்டரி ஆபீசில் நாளெல்லாம் எழுதிவிட்டு, அப்பனுக்கு எழுதக் கை வலிக்கிறதா?

ராஜா வேதத்தின் மேல் கைவைத்துப் புதுச் சட்டத்துக்குச் சத்தியம் செய்தாராமே, பார்த்தாயா? இங்கே ஊரே குடித்துக் கிடந்தது. ஸ்பெயின்காரன் எழுதிய சட்டம். ஸ்பெயின் எந்தத் திசை என்றுகூட இங்கே ஒருவனுக்கும் தெரியாது. பாதிரியார் அந்த ஸ்பானியச் சட்டப் புத்தகத்தை வைத்துத் தட்டுத் தடுமாறி அர்த்தம் சொல்கிறார். சேணம் தைக்கிற எனக்கும் பிரபுவுக்கும் ஒரே வாக்கு என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

இருபதாம் தேதி, பூசை முடிந்ததும் கோவிலிலேயே தேர்தல். நான் இங்கே, நீ தலைநகர் நாப்போலியில், ஒரே நாளில் வாக்களிக்கப்போகிறோம். நினைத்தாலே பெருமையாக இருக்கிறது.

அப்பா சவேரியோ

நாப்போலி
11 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

தேர்தல் அன்று நோட்டரி என்னை வெளியூருக்கு அழைத்துப் போவார் போலிருக்கிறது. வாக்களிக்க முடியுமா, தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவை மாடிப்படி ஏற விடாதீர்கள்.

வீத்தோ

ரோக்காவிலா
21 ஆகஸ்ட்

மகனே,

உன் நோட்டரி நாசமாய்ப் போக. இந்த ஒரு நாள்தானா கிடைத்தது அவருக்கு?

நேற்று கோவிலில் நான் எழுந்து பேசினேன். வாக்களிக்க வந்தவர் யார்மேலாவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். பிரபுவின் வண்டிக்காரன் கார்மினே முன்வரிசையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டு வேலைக்காரனுக்கு வாக்கில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவனைக் கை காட்டி, "எசமான் தட்டைத் தூக்குறவன் எசமான் சொல்ற பேரைத்தான் சொல்லுவான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எழுந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

உன் அம்மா மட்டும் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

அப்பா

நாப்போலி
2 செப்டம்பர்

அப்பா,

நான் இப்போது நோட்டரியிடம் இல்லை. நாப்போலிக்கு வந்த மூன்றாம் மாதமே அவர் என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். இரண்டு வருஷமாக ஒரு பிரபு வீட்டில் பந்தி பரிமாறுகிறேன். பித்தளைப் பொத்தான் வைத்த சீருடை. இங்கே வாக்காளர் பட்டியலில் என் பெயரும் இல்லை.

போன குளிர்காலத்தில் கார்மினே மாமா தன் எசமானோடு இங்கே விருந்துக்கு வந்தார். கையில் தட்டோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டார். அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அன்று கோவிலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்பு உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வெட்கமாக இருக்கிறது, அப்பா.

வீத்தோ

ரோக்காவிலா
14 செப்டம்பர்

வீத்தோ,

உன் மற்றக் கடிதங்களைப் போல இதைப் பாதிரியாரிடம் காட்டிப் பெருமைப்படவில்லை, அம்மாவிடம் மட்டும் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம், கார்மினே அவளிடம் மட்டும் சொல்லியிருந்தானாம்.

பிரபுவின் லாயத்துக்குப் போனேன். என் கையால் தைத்த சேணத்தைத்தான் கார்மினே துடைத்துக்கொண்டிருந்தான். நானும் அந்த எசமானின் காசைத்தானே தின்கிறேன்? ஏன் அன்று வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அன்னைக்கு அவ்வளவு சந்தோஷமா நின்னீங்கண்ணே. எப்படிச் சொல்றது?" என்றான்.

எனக்குத் தலை நிமிரவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னான், உட்கார முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. சீருடையோடே வா. முதலில் லாயத்துக்குப் போய்விட்டு வீட்டுக்கு வா. நானும் அங்கேதான் நிற்பேன்.

அப்பா