உன் பெயரில் ஒரு சீட்டு

புதுச்சேரி,
12.8.1983

அன்புள்ள அக்கா,

விடுதியில் ஆளில்லாத அறையிலும் ஒரு குரல் என்னைக் கூப்பிட்டது. பயந்துபோய் ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவுக்குப் போனேன். ஊருக்குத் தெரிந்தால் என் கல்யாணம் நின்றுவிடும். அதனால் கல்யாணமான உன் பெயரைச் சொன்னேன். சீட்டில் "பங்கஜவல்லி, திருமலைராயன்பட்டினம்" என்று எழுதினார்கள். மன்னித்துவிடு.

மாத்திரையில் குரல் நின்றது.

நேற்று உன் கடிதம். "மத்தியானத்துல கிணத்தடியில யாரோ என் பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க. பேய் மூணு தடவைக்கு மேல கூப்புடாதுல்ல? இது நாலாவது தடவையும் கூப்புடுது. அவருகிட்ட சொல்லல."

என்னையும் அது நான்கு தடவைதான் கூப்பிடும்.

இன்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, என் பெயரில் வேறு சீட்டு வாங்கினேன். பழையதைக் கிழிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிடு. அதுவரை அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாதே.

உன் தங்கை